இது யாரு கட்டு?

இன்று மட்டாஞ்சேரி பஸ்ஸில் காலியாக இருந்த ஒரே சீட்டில் ஒரு துணிக்கட்டு. பக்கத்தில் ஒரு சேட்டன்.

"இது யாரு கட்டு?" என்று கேட்டேன். உட்கார இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அவர் முகம் வெளுத்தது. "கட்டதல்ல, குழியில்நின்னு கிட்டியதாணு."

அப்புறம்தான் உறைத்தது. மலையாளக் காதில் என் கேள்வி, 'இதை யார் திருடியது?' திருடவில்லையாம், குழியில் கிடைத்ததாம்.

இதைக் கேட்ட கண்டக்டர் கட்டை அவிழ்த்தார். அகழாய்வுக் குழியின் பானை ஓடுகள், ஒவ்வொன்றும் தொல்லியல் துறை அடையாளச் சீட்டோடு.

"ஒரு கலெக்ஷன்," என்றார் சேட்டன்.

"சீட்டும் கலெக்ஷனா?" என்றார் கண்டக்டர்.

ஓடுகளும் சேட்டனும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இறங்கினார்கள். எனக்கு சீட் கிடைத்தது.

உங்கள் பக்கத்து சீட்டிலும் கட்டு இருந்தால் தமிழில் கேட்டுப் பாருங்கள். யார் முகம் வெளுத்தது என்று இங்கே சொல்லுங்கள்.