நெஞ்சு வெடித்தவன் இல்லாத பீப்பாய்

அலுவலகத்தில் அவளுக்கு 'மண்டை ஓட்டு மேடம்' என்று பெயர். நேரில் வெறும் 'மேடம்'தான். அவள் முதுகைத் திருப்பியதும் மண்டை ஓடு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும். பெயரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ரசாயனங்களை வாங்கிக் கலந்து, பீப்பாய்களில் அடைத்து விற்கும் அந்த நிறுவனத்தில், எந்தப் பீப்பாயின்மேல் எந்த அபாயக்குறியை ஒட்டுவது என்று முடிவு செய்வதுதான் அவளுடைய வேலை.

தீக்கொழுந்து, மண்டை ஓடு, கையை அரிக்கும் திரவம், செத்த மீன், ஆச்சரியக்குறி என்று அந்தக் குறிகள் சிவப்புக் கட்டங்களுக்குள் வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்றை மட்டும் அவள் இருமுறை யோசித்தே ஒட்டுவாள். அது ஒரு மனிதனின் கரிய மார்பளவு உருவம்; நெஞ்சில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கும். இன்று முகர்ந்தால் இன்றைக்கே எதுவும் ஆகிவிடாது, நாள்பட நாள்பட உடம்பின் உள்ளே ஏதோ ஒன்றைக் கெடுத்துவிடும் என்பது அதன் பொருள்.

வேலைமுறை எளியதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தாள் என்று ஓர் அட்டவணை உண்டு. தோலை அரிக்குமா, கண்ணைக் கெடுக்குமா, நரம்பைத் தாக்குமா என்று ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே சோதனை முடிவைப் பார்த்து, விதிநூல் சொல்லும் வகையை எழுத வேண்டும். சோதனையே நடக்கவில்லை என்றால் 'தரவு இல்லை' என்று எழுத வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது இதைத்தான்: "தெரியலைங்கறது வேற, தீங்கு இல்லைங்கறது வேற. ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடாதீங்க." ஆனால், தெரியவில்லை என்பதற்கு என்று ஒரு குறி கிடையாது. தீங்கற்ற பீப்பாயும் சோதிக்கப்படாத பீப்பாயும் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுபோலவே இருக்கும். இது அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தலாகவே இருந்துவந்தது. உறுத்தலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வீட்டில் அவளும் தம்பியும்தான். பெற்றோர் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவளே. இருவருக்கும் மணமாகவில்லை. காரணம் கேட்பவர்களிடம் தம்பி, "எங்கக்கா சின்ன வயசுலயே என் மேல ஒரு லேபிள் ஒட்டிட்டா. பொண்ணு வீட்டுக்காரங்க தூரத்திலிருந்தே படிச்சிட்டுத் திரும்பிப் போயிடறாங்க" என்பான். சமையலறையில் உப்பு முதல் சோடா மாவு வரை எல்லாப் புட்டிகளுக்கும் அவள் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். தம்பி அடிக்கடி ஒரு புட்டியை எடுத்து விளக்கருகே பிடித்துக்கொண்டு, "மேடம், இந்தச் சர்க்கரையில ஆள் செத்தா எந்த வகை?" என்று பணிவாகக் கேட்பான்.

அவன் ஒரு தோல்பைப் பட்டறையில் வேலை செய்தான். பைகளுக்கு உள்துணியைப் பசை தடவி ஒட்டுவது அவன் வேலை. அந்தப் பசை அவளுடைய நிறுவனத்திலிருந்தே போயிற்று.

முன்பு அந்தப் பசையை இளக்கக் கலந்திருந்த, ஆவியாகிக் காற்றில் பரவும் கரைப்பான் நரம்புகளைக் கெடுக்கும் என்பது சோதனைகளில் தெளிவாகியிருந்தது. ஆகவே பீப்பாயின்மேல் தீக்கொழுந்துக்குப் பக்கத்தில் நெஞ்சு வெடித்த மனிதனும் இருந்தான். அவனைக் கண்டாலே பை வாங்கும் பெரிய கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு கரைப்பான் தயாரிப்பவர்கள் ஒரு புதிய வகையைக் கொண்டுவந்தார்கள். அமைப்பில் அது பழையதற்கு நெருங்கிய உறவு. ஆனால் நெடுங்காலம் முகர்ந்தால் என்ன ஆகும் என்று எவரும் அதைச் சோதித்திருக்கவில்லை. விதிப்படி அவள் அந்தக் கட்டத்தில் 'தரவு இல்லை' என்று எழுதினாள். மனிதனை லேபிளிலிருந்து எடுத்தாள். கணக்குப் பார்த்தால் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை. மாலையில் தம்பியிடம் சொன்னபோது அவள் குரலில் சிறிது மகிழ்ச்சியும் இருந்தது.

"இனிமே உங்க டிரம்மில அந்த ஆள் இருக்க மாட்டான்டா."

"யாரு, நெஞ்சு வெடிச்சவனா? ஐயோ பாவம். எங்க பட்டறையில லீவே போடாத ஒரே ஆள் அவன்தான்."

இரண்டு மழைக்காலங்கள் கடந்தன. அவன் கையிலிருந்து தேநீர்க் குவளைகள் நழுவத் தொடங்கின. முதலில் அவனுடைய கவனக்குறைவு என்று அவள் கடிந்துகொண்டாள். பிறகு ஒருநாள் அவன் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தான். மற்றொன்று தெருமுனையிலேயே கழன்றுவிட்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

"செருப்புக்கு என் மேல கோபம் போல. சொல்லிக்காமப் போயிடுச்சு" என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "கால் மரத்துப் போகுதா?"

"கொஞ்சம். விரல்லயும் எறும்பு ஊறுற மாதிரி இருக்கு. பசையில ஒட்டி ஒட்டிக் காய்ச்சுப் போயிருக்கும், விடு."

"ஜன்னலைத் திறந்து வெச்சுத்தானே வேலை பாக்குறீங்க? ஃபேன் ஓடுதுல்ல?"

"அதெல்லாம் அந்த ஆள் இருந்த காலத்துல. அவன் போனதும் ஓனர் ஜன்னலை எல்லாம் மூடிட்டாரு. திறந்தா தூசி வந்து பசையில உக்காந்துடுது. ஃபேனையும் கழட்டி ஆபீஸ் ரூமுக்குக் கொண்டுபோயாச்சு." அவன் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னான். "அதான் டிரம்மில ஆளே இல்லையே, அப்புறம் எதுக்கு?"

தான் ஒரு படத்தை எடுத்ததாகத்தான் அவள் இதுநாள்வரை நினைத்திருந்தாள். அந்தப் படத்தோடு பட்டறையின் எல்லாச் சன்னல்களும் சேர்ந்து மூடிக்கொண்டதை அன்றுதான் அறிந்தாள்.

மறுநாள் மேலதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் அல்லர். அவள் எழுதியதை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுவார்.

"சார், அந்தத் தோல்பைப் பசைக்குப் பழைய குறியையே திரும்பப் போடணும்."

"புது ரிப்போர்ட் ஏதாவது வந்திருக்கா மேடம்?"

"இல்லை சார். ஆனா அதுல வேலை செய்யற ஒருத்தருக்குக் கை காலெல்லாம் மரத்துப் போகுது."

"யாருக்கு?"

"என் தம்பிக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மேடம், இதே மாதிரி நான் வந்து உங்ககிட்ட கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

"மனுஷங்களுக்கு வந்த பாதிப்பையும் ஆதாரமா எடுத்துக்கலாம்னு விதியிலேயே இருக்கு. இந்தப் பசையாலதான்னு ஒரு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும். அன்னைக்கே நான் கையெழுத்துப் போடறேன். அது இல்லாமப் போட்டா, கரைப்பான் தயாரிக்கிறவன் நம்மளைக் கோர்ட்டுக்கு இழுப்பான்."

கரைப்பான் தயாரிப்பாளர்களுக்கும் அவள் எழுதிக் கேட்டாள். அந்தப் பொருளைப் பற்றி இதுவரை எந்தத் தரவும் இல்லை என்று மிகுந்த மரியாதையுடன் பதில் வந்தது. வாசகம் அவளுடையதே, அவளுடைய தாளிலிருந்தே எடுத்திருந்தார்கள்.

நரம்பு மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. தம்பியைப் படுக்கவைத்து, கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, உணர்ச்சியைச் சோதிக்கும் ஓர் அதிர்வுக் கவையைத் தட்டி அவன் கால் பெருவிரலின்மேல் வைத்தார். அது உலோகத் தும்பிபோல் மெல்ல ரீங்கரித்தது. அருகே நின்ற அக்காவுக்கு அது நடுங்குவது கண்ணுக்கே தெரிந்தது.

"டாக்டர், எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று தம்பி கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

மருத்துவர் கவையை எடுத்துவிட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"நரம்பு நல்லாவே பாதிக்கப்பட்டிருக்கு. ரத்த ரிப்போர்ட்ல கொஞ்சம் சர்க்கரையும் இருக்கே, அதனாலயும் வரலாம்."

"பசை ஒட்டற வேலை டாக்டர். அதுல இருக்கற கரைப்பான்…"

"பசை பேர் என்ன?"

பெயரைச் சொன்னாள். மருத்துவர் கணினியில் தேடி, திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "இதோ பாருங்க, ரொம்பத் தெளிவா எழுதியிருக்காங்க. தீப்பிடிக்கும், கண் எரியும், அதிகமா முகர்ந்தா தலை சுத்தும். நரம்பைப் பத்தி ஒண்ணுமே இல்லையேம்மா."

எதிரே இருந்தது அவள் எழுதிய பாதுகாப்புத் தாள். ஒவ்வொரு காற்புள்ளியும் அவளுடையது.

"டாக்டர், அந்தக் கட்டத்துல தரவு இல்லைன்னு போட்டிருக்கும் பாருங்க. அதுக்குச் சோதிச்சே பார்க்கலைன்னு அர்த்தம்."

"இருக்கலாம். ஆனா நான் எதை வெச்சு எழுதறது? யாராவது ஒருத்தர் இது நரம்பைத் தாக்கும்னு முன்னாடியே சொல்லியிருக்கணும் இல்லையா?"

"அந்தத் தாளை எழுதினதே நான்தான் டாக்டர்."

மருத்துவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் ஏளனம் இல்லை, இரக்கம் இருந்தது. "அப்போ உங்களுக்குத்தான் என்னைவிட நல்லாத் தெரியும். இதனாலதான்னு நீங்க அடிச்சுச் சொல்வீங்களா?"

எத்தனையோ ஆண்டுகளாகத் தெரியாத எதையும் தெரியும் என்று எழுதாத கை அவளுடையது. "அப்படிச் சொல்ல முடியாது" என்றாள்.

"எனக்கும் அதே நிலைமைதான்ம்மா. ஒண்ணு செய்யுங்க. கூட வேலை செய்யறவங்க யாருக்காவது இதே மாதிரி இருந்தா என்கிட்ட கூட்டிட்டு வாங்க. எல்லாருக்குமா சர்க்கரை இருக்கும்? அப்ப நான் தைரியமா எழுதித் தரேன். தம்பி கொஞ்ச நாள் பசைப் பக்கம் போகாம இருந்தா நல்லது."

பேருந்தில் தம்பி சன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். "உங்க ஆபீஸ்ல டாக்டரைக் கேக்கச் சொல்றாங்க. டாக்டர் உன்னைக் கேக்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கலாமே, நடுவுல என் கால்ல எதுக்குத் தட்டணும்?"

"வேலையை விட்டுடுடா."

"விட்டுட்டு? இந்தக் கையைப் பார்த்து வேற யாரு வேலை குடுப்பாங்க? பசை தடவறதுன்னா பழக்கத்திலேயே ஓடிடும். புதுசா ஒண்ணு கத்துக்கணும்னா விரல் வேணுமே அக்கா." இதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவனோடு பட்டறைக்குப் போனாள். நீண்ட ஒற்றை அறை. இருபுறமும் மேசைகள். சன்னல்களின் இடுக்குகளில்கூடத் தூசி புகாதபடி நாடா ஒட்டியிருந்தார்கள். இனிப்பும் காரமுமான பசை நெடி நெற்றியில் அறைந்தது. சற்று நேரத்தில் அது மூக்குக்குப் பழகிவிட்டது. அப்படிப் பழகிப்போனதுதான் அவளை அச்சுறுத்தியது.

முதலாளி எழுந்து நாற்காலி போட்டார். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"அக்கா, நீங்க சொல்லி நான் கேக்காம இருப்பேனா? ஆனா ஜன்னலைத் திறந்தா பையெல்லாம் தூசியோட திரும்பி வந்துடுது. டிரம்மில அந்த ஆள் இருந்தா, வாங்கறவங்ககிட்ட அதைக் காட்டி நான் வாதாடலாம். இப்ப எதைக் காட்டறது, சொல்லுங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார், ஆனால் அந்த அறையில் தாழ்ந்த குரலும் எல்லாருக்கும் கேட்கும். "தம்பிக்கு முடியலைன்னு எனக்கும் தெரியும். கொஞ்ச நாளாவே வேலை பிந்துது. டாக்டரே சொன்னதுக்கு அப்புறம் அவரை இங்க வெச்சுக்கிட்டா அது பாவம். இன்னையிலிருந்து வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்."

மேசைகளில் தூரிகைகள் ஒரு கணம் நின்றன; மறுகணம் முன்னைவிட வேகமாக ஓடின.

தான் வந்து பேசியதே தம்பியின் வேலைக்கு உலை வைத்துவிட்டதை அவள் புரிந்துகொண்டாள். ஆயினும் வந்த காரியம் பாக்கி இருந்தது. தம்பிக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனாள். அவன் நெடுநாளாக 'வாயாடி' என்று வீட்டில் கதை கதையாகச் சொல்வது இவளைத்தான்.

"வாங்க மேடம். நீங்கதான் அந்த நெஞ்சு வெடிச்சவனை அனுப்பி வெச்சவங்களா? புண்ணியமாப் போச்சு. ஜன்னலைத் திறந்து வெச்சுக் குளிர்ல விறைச்சுக் கிடந்தோம்."

"உங்களுக்கு விரல் மரத்துப் போகுதாம்மா? எறும்பு ஊறுற மாதிரி?"

வாயாடி முதலாளியின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "எனக்கா? சேச்சே. என் வீட்டுக்காரரைக் கேளுங்க, கிள்ளினா எவ்வளவு வலிக்கும்னு சொல்வாரு."

சிரிப்பு எழுந்தது. அக்கா அடுத்தவரைக் கேட்டாள், அதற்கடுத்தவரையும் கேட்டாள். "ஒண்ணும் இல்லைங்க." "நல்லா இருக்கோம் மேடம்." ஒருத்தி கேள்வி தன்னிடம் வருமுன்னரே தலையை அசைத்துவிட்டாள்.

"டாக்டர்கிட்ட வந்து ஒரு தடவை காட்டுங்க. நான் கூடவே வரேன். யார் பேரும் வெளியில வராது."

எவரும் நிமிரவில்லை. அவர்கள் சொல்வதை அவள் நம்பவில்லை. நம்பாததற்கும் அவளிடம் ஆதாரம் இல்லை.

"எழுதிக்கோங்க மேடம், எங்க யாருக்கும் எதுவும் இல்லை" என்றாள் வாயாடி. இம்முறை அவள் குரலில் விளையாட்டு இல்லை, கெஞ்சல் இருந்தது.

தம்பி தன் மேலங்கியைக் கழற்றி முளையில் மாட்டினான். பாதி ஒட்டிய பையை முதலாளியின் பக்கம் நகர்த்தி வைத்தான். "என் பிரஷ் நல்ல பிரஷ். வீணாக்காதே, நீ வெச்சுக்கோ" என்று வாயாடியிடம் நீட்டினான்.

வாயாடி தன் விரல்களை நீட்டவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, நடுவில் அந்தத் தூரிகையை இடுக்கி வாங்கிக்கொண்டாள்.