இரண்டு கார்னர், இரண்டு கவர்

எனக்குக் கபடி ஆடத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு முறை பாடிப்போய், கோட்டைத் தாண்டிய மூன்றாவது எட்டிலேயே கால் தடுக்கி விழுந்து முன்பல்லின் ஓரம் உடைந்தது. அதோடு சரி. ஆனால் முப்பது வயதில், எங்கள் ஊர் டீமில் யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று என்னைவிடத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவனுக்கு வாய்தானே எல்லாம்.

ஊர் நாரணாபுரத்தை ஒட்டி இருந்தது. நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மெஷின்மேன். வருடம் முழுக்கப் பட்டாசு லேபிள்தான் ஓட்டுவேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே டீக்கடை. அங்கே ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் உண்டு. கடைக்காரர் எனக்கு மாமா முறை. விருதுநகர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் ஒருவர். இன்னும் மூன்று பேர் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள். டீமுக்குப் பனியன் வாங்கியதும் நாங்கள்தான், டீமைத் திட்டித் தீர்த்ததும் நாங்கள்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஐந்தாறு வருடங்களில் திட்டுவதற்குக் குறைவே இல்லை. எல்லா ஊரிலும் தோற்றோம்.

காரியாபட்டியில் தை மாதம் கழிந்ததும் ஒரு பெரிய போட்டி நடக்கும். அதில் மூன்றாவது வருடமாக முதல் சுற்றிலேயே வெளியேறினோம். அன்றைக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே மானம் போய்விட்டது. எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அலுமினியப் பவுடர் உடம்பில் ஏறினால் லேசில் போகாது. வெயிலில் நின்றால் கையும் கழுத்தும் மினுமினுக்கும். எதிர் டீம்காரன், "வழுக்குறதுக்கு எதையோ பூசிட்டு வந்திருக்காக" என்று புகார் சொன்னான். நடுவர் ஒரு சோப்பைக் கொடுத்து ஏழு பேரையும் அடிகுழாயில் குளிக்கச் சொன்னார். குளித்துவிட்டு வந்தும் மினுங்கினார்கள். கூட்டம் சிரித்தது. அப்புறம் அவர்களுடைய ரெய்டர் ஒருவன் ஓரத்தில் நிற்கும் எங்கள் கார்னருக்கும் அவனுக்குத் துணையாகப் பிடிக்க வேண்டிய கவருக்கும் நடுவே சந்தைக்குப் போய் வருகிறவனைப்போல் போய்ப் போய் வந்தான்.

கிளம்பும்போது போட்டி நடத்துகிறவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த வருசம் ஒரு தடவை பாப்போம். அதுவும் இப்பிடியேன்னா நோட்டீஸ்ல உங்க ஊர்ப் பேரு வராது. கோவிச்சுக்கிறாதீக."

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டோம். மறுநாள் டீக்கடையில் அதற்கும் சேர்த்துப் பேசினோம்.

"கலைச்சு விட்டுட்டு எளவட்டங்களா எறக்கணும். ரெண்டு வருசம் தோத்தாத் தோத்துட்டுப் போறாக, மூணாவது வருசம் நிப்பாக" என்றார் மாமா.

"அதுக்குள்ள நோட்டீஸ்லருந்தே தூக்கிருவாகளே. பாடிப் போறவனை மாத்துங்க, அது போதும்" என்றார் கண்டக்டர்.

நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே பெரிய விஷயம். "கோளாறு பிடியில இருக்கு மாமா. கார்னர் காலைப் பிடிக்கான், கவர் எங்க நிக்கான்? வானம் பாக்கான். ஒருத்தன் கண்ணு போற திக்கு இன்னொருத்தனுக்குத் தெரியலை. எப்பிடித் தெரியும்? சேந்து நின்னாத்தானே?"

நான் சொன்னது உண்மைதான். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். இரண்டு கார்னர், இரண்டு கவர், நான்கு பேருக்கும் ஒரே கம்பெனிதான். ஆனால் வேலை வேறு வேறு. கவர் இரண்டு பேரும் வெடிக்குள் மருந்து செலுத்தும் ரூமில் இருந்தார்கள். அவர்கள் விடிந்ததும் போய் மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள். வலது கார்னர் காயப்போடும் மேடையில். அவன் வெயில் இறங்கிய பிறகு வருவான். இடது கார்னர் பேக்கிங்கில். அவன் வர ஏழாகிவிடும். கண்மாய்ப் பொட்டலில் நான்கு பேரும் ஒன்றாக நின்று பழகிய நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"நாலு பேரையும் ஒரே ரூம்ல போட்டா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்துதான் வந்தது.

ஒரு ரூமுக்கு நான்கு பேர் என்பதுதான் கம்பெனியில் சட்டம். எங்களுக்கு வேண்டியதும் நான்கு பேர்தான். அந்தப் பொருத்தத்தைப் பார்த்து மாமா தொடையைத் தட்டினார். நாள் முழுக்க எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தால் ஒருவன் மூச்சு இன்னொருவனுக்குத் தெரியும். மூன்று மணிக்கு நான்கு பேரும் ஒரே வேனில் வந்து இறங்குவார்கள். நேரே பொட்டலுக்குப் போகலாம். அந்த நான்கு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. செஸ் காயை நகர்த்துகிறவன் காயிடம் கேட்பானா என்ன.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கண்டக்டரும் அரைக்கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு கம்பெனி போர்மேன் வீட்டுக்குப் போனோம். அவருக்கும் கபடி என்றால் உயிர். "இம்புட்டுத்தானா? நாளைக்கே மாத்திருவோம். மருந்து செலுத்துறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை, பத்து நாள்ல படிஞ்சிரும்" என்றார். நாங்கள் சொல்லித்தான் செய்தார் என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றும் நான் கேட்டுக்கொண்டேன். தெரிந்தால் தலைக்கனம் ஏறிவிடும் என்பது என் கணக்கு.

மறுநாள் சாயங்காலம் இடது கார்னர் டீக்கடைக்கு வந்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவன், அதிகம் பேச மாட்டான். "அண்ணே, கம்பெனில என்னை மருந்து ரூமுக்கு மாத்திட்டாகண்ணே. நாலு பேரையும் சேத்துப் போட்டிருக்காக" என்றான்.

நாங்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். நல்லதாப் போச்சுலே என்றேன்.

"நல்லதுதான். வீட்டுலதான் சண்டை. மருந்து ரூம் பக்கமே போக மாட்டேன்னு கல்யாணத்தன்னைக்கு அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அவ அண்ணன் அங்கனதான் போய்ச் சேந்தான்."

"நீயா போன? கம்பெனி மாத்துனா நீ என்ன செய்வ?"

"அதைத்தான் அவட்டயும் சொன்னேன்" என்று டீயைக் குடித்துவிட்டுப் பொட்டலுக்குப் போனான். அவன் போனதும் நாங்கள் இன்னொரு டீ சொன்னோம்.

நான் நினைத்தபடியே நடந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சித்திரை முடிவதற்குள் அந்த நான்கு பேரும் வேறு ஆட்களாகிவிட்டார்கள். இடது கார்னர் கணுக்காலில் கை வைக்கும் முன்பே கவர் இடுப்புக்கு வந்திருப்பான். சத்தமில்லை, சைகையில்லை. வைகாசித் திருவிழாவில் விஸ்வநத்தம் டீமை அவர்கள் ஊரிலேயே வைத்து மண்ணைக் கவ்வ வைத்தோம். பிறகு இன்னும் இரண்டு ஊர். வேனிலிருந்து இறங்கும்போதே நான்கு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். பேசவே பேசாத இடது கார்னர்கூடப் பேசினான். காரியாபட்டியில் இந்த முறை கோப்பை என்று மாமா கடைக் கண்ணாடி அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டார். ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள், "உன் மூளையே மூளைடா" என்றார்கள். நானும் தலையாட்டிக்கொண்டேன்.

புரட்டாசியில் சீசன் உச்சத்தில் இருந்தது. லோடு லோடாக ஆர்டர். காலை பதினோரு மணி இருக்கும். நான் மெஷினில் லேபிளுக்கு நீல மை ஓட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. சிவகாசியில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள். எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்த பையன் ஒருவன் நாரணாபுரம் பக்கம் என்றான். மெஷினை நிறுத்தாமலே இறங்கி ஓடினேன்.

மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். கவர் இரண்டு பேர், வலது கார்னர். அந்த ரூம் இருந்த இடத்தில் தரைதான் இருந்தது. இடது கார்னரை மட்டும் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் இருந்தான். நான் இரண்டு தடவை மதுரைக்குப் போனேன்; இரண்டு தடவையும் வார்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். கூட்டம், தொற்று வரும் என்று என்னென்னவோ எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

அந்த ஒன்பது நாளுக்குள்ளேயே விசாரணை வந்தது. பேக்கிங் ஆளுக்கு மருந்து ரூமில் என்ன வேலை என்று போர்மேனைக் கேட்டிருக்கிறார்கள். "அவுகளேதான் வந்து கேட்டாக. கபடி ஆடுறவுக, நாலு பேரும் சேந்து இருக்கணும்னு கெஞ்சினாக. பாவம் பாத்துப் போட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த சாயங்காலமே அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. விளையாட்டுக் கிறுக்குப் பிடித்து அவர்களே போய் விழுந்தார்கள் என்று குழாயடியில்கூடப் பேசினார்கள்.

டீக்கடைக்கும் அந்தப் பேச்சு வந்தது. யாரோ வெளியாள் சொல்ல, நாங்கள் ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். மாமா பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கிளாஸைப் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் என்னிடம்தான் இருந்தது. போர்மேனுக்கு வேலை போய்விடும், போலீஸ் வரும், செத்தவர்கள் திரும்பியா வரப்போகிறார்கள் என்று அன்றிரவு கண்டக்டர் என் காதில் சொன்னார். அதைத்தான் நானும் கேட்க விரும்பினேன்.

தை பிறந்ததும் காரியாபட்டி நோட்டீஸ் வந்தது. எங்கள் ஊர்ப் பெயர் மேலேயே இருந்தது. வைகாசி ஆட்டத்தைக் கேள்விப்பட்டுப் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது என்று மறுபடியும் டீக்கடையில் கூடினோம்.

"மிச்சம் மூணு பேர் இருக்காக. விஸ்வநத்தத்துல நாலு பேரைக் கேட்டு வாங்கலாம்" என்றார் கண்டக்டர்.

"வாங்கலாம். வலது பக்கம் அவுகள்ல ஒருத்தனை நிறுத்துவோம். எடது கார்னர்தான்..." என்று மாமா ஆரம்பித்து, அவனைப்போலக் காலைப் படித்து ஆடுகிறவன் கிடைப்பானா என்று சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அன்றோடு எங்கள் ஊர் டீம் முடிந்தது.

மாசியில் இடது கார்னரின் மனைவி எங்கள் பிரஸ்ஸில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டாசு வேலை வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவள். மெஷினுக்குப் பின்னால்தான் பைண்டிங். நான் ஓட்டிய தாளைத்தான் அவள் மடிப்பாள். ஒரு மாதம் அவள் முகத்தைப் பார்க்காமலே ஓட்டினேன். தினமும் காலையில், "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

ஒரு மதியம் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தார்கள். அவள் தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்று, "தாயி, ஒண்ணு சொல்லணும். போர்மேன் சொன்னது பொய். அவன் போய்க் கேக்கலை. யாருமே கேக்கலை. நான்தான் அவரு வீட்டுக்குப் போய், நாலு பேரையும் ஒரே ரூம்ல போடச் சொன்னேன். அவனுக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் வாளி மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கம்பெனிதான் மாத்துச்சுன்னு அவுக சொன்னது நெசமாண்ணே?"

"நெசம் தாயி."

"போர்மேன் சொன்னதை ஊர்க்காரவுக ஆசுபத்திரில வச்சு எங்கிட்டச் சொன்னாகண்ணே. எங்க வீட்டுக்காரவுகளுக்கு வாயெல்லாம் கட்டுப் போட்டிருந்துச்சு, பேச முடியாது. நான் கட்டில்கிட்டப் போயி, சத்தியம் பண்ணிட்டு ஏன் பொய் சொன்னீகன்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டுனாக. ஆட்டிக்கிட்டே இருந்தாக. நான் நம்பலை. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்."

மூடியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்க வாசல்லதானண்ணே நின்னுக்கிட்டிருந்தீக" என்றாள்.