ஊருக்கு ஒருவர்

நிர்வாகசபைக்கு நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கும் என்று எங்கள் வீட்டில் அந்நாட்களில் எல்லோரும் நம்பினோம். வைத்தியரின் கையெழுத்து விளங்காதபோது அது நல்ல மருந்தாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்வதில்லையா, அதுபோன்ற நம்பிக்கை. எங்கள் தமிழ் விளையாட்டுச் சங்கத்தின் கரப்பந்தாட்ட அணியைப் பற்றி நிர்வாகம் எடுத்த முடிவு எதுவானாலும், அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "அவை யோசியாமலே செய்திருப்பினம்?" என்பார். அம்மா மறுக்கமாட்டார். வெள்ளை விரிப்புப் போட்ட மேசைக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு அமர்ந்திருப்பவர்களை மறுத்துப் பேசும் பழக்கம் எங்கள் குடும்பத்துக்கு இருந்ததில்லை.

சென்ற வாரம் மகளின் ஹாண்ட்போல் பயிற்சி முடியும்வரை விளையாட்டு மண்டபத்து வாங்கில் அமர்ந்திருந்தேன். கைபேசியில் சங்கத்தின் ஆண்டு விருந்துக்கான அழைப்பு வந்து விழுந்தது. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர் என்று கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த முகங்கள் வரிசையாகப் புன்னகைத்தன. பெரிதாக்கிப் பார்த்தேன். விளையாட்டுச் சங்கத்தின் அழைப்பில் ஒரு பந்தின் படத்துக்குக்கூட இடம் கிடைத்திருக்கவில்லை. அதே கணத்தில் மண்டபத்தின் வாசனை மூக்கில் ஏறியது. றப்பர்த் தரை, நனைந்த சப்பாத்து, சூடேறிய மின்விளக்கின் தூசு. உங்களுக்கும் இப்படி ஏதாவதொரு வாசனை இருக்கும்; கண்ணை மூடினால் யாரையோ கொண்டுவந்து பக்கத்தில் இருத்திவிடும். எனக்கு இது அப்பாவைக் கொண்டுவந்தது.

அந்நாட்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டம் பார்க்க நாங்கள் ஒஸ்லோவின் வெஸ்ட்லிக்குப் போவோம். ரயில் பாதை முடிகிற இடம். "இதுக்கு அங்காலை போக ஏலாது, அதாலை தமிழர் எல்லாம் இஞ்சை இறங்கிவிட்டினம்" என்பது அப்பாவின் வழக்கமான பகிடி. மண்டபத்தின் நடைவழியில் அம்மாவும் வேறு பெண்களும் மீன் ரோல்ஸும் பற்றீஸும் விற்பார்கள். நோர்வேஜியர் டுக்னாட் என்று சொல்லும் கூட்டுச் சிரமதானம் அது. அணியின் செலவுக்காக என்று சொல்லப்பட்டது. எண்ணெய் மணம் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்று முறைத்தபடி வரும் மண்டபக் காவலர், திரும்பிப் போகும்போது இரண்டு ரோல்ஸோடு போவார்.

நான் அப்போது ஒரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. முதற் பருவம் முழுவதும் மடியில் நாவலை விரித்து வைத்துக்கொண்டே ஆட்டம் பார்த்தேன். எல்லோரும் கைதட்டும்போது நானும் தட்டுவேன். சில வேளைகளில் எதிரணிக்கும் தட்டியிருக்கிறேன். அப்பா மெல்ல என் கையைப் பிடித்து இறக்கிவிடுவார். அந்த நாவலை மூடவைத்தவர்கள் இருவர். ஒருவர் என் அக்காவின் கணவர், ரவி அத்தான். மற்றவர் அவருடைய நண்பர் பீற்றர் அண்ணை.

இருவரும் மன்னார்ப் பக்கத்தில் ஒரே கடற்கரை ஊர்க்காரர்கள். ஒருவர் கோயிலுக்கும் மற்றவர் தேவாலயத்துக்கும் போய்விட்டு ஒரே வலைக்கு முன்னால் வந்து நின்று வளர்ந்தவர்கள். அத்தான் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். பீற்றர் அண்ணை பியோர்ண்டாலில் ஒரு சிறுவர் பாடசாலையில் ஆசிரியர். கைக்கு இரண்டு பிள்ளைகளாகத் தொங்கவிட்டுத் தோள்களை அப்படி வளர்த்தாராம். அத்தான் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், பீற்றர் அண்ணை அடிப்பவர். அத்தான் அவரைத் திரும்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை. பந்து அத்தானின் விரல் நுனியை விட்டுக் கிளம்பும்போதே பீற்றர் அண்ணை தரையை விட்டுக் கிளம்பியிருப்பார். நல்ல உரைநடையில் அடுத்த சொல் தானே வந்து பொருந்துவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மடியில் இருந்த நாவலில் அது இல்லை. மண்டபத்தில் இருந்தது.

இனி நிர்வாகசபை. அதன் சாதனைகளை முழுமையாகச் சொல்லத் தாள் போதாது. பனிக்கால நடுவில் அணிக்கு அரைக்கை மேலங்கி வாங்கி, அதன் முதுகில் வீரரின் பெயருக்குப் பதிலாக நன்கொடையாளர்களின் பெயர்களை அச்சிட்டது. ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்கிக்கொண்டு நின்றவர்களை வரிசையில் நிறுத்தி, மங்கள விளக்கேற்றி, பிரதம விருந்தினருக்கு மாலையிட்டு, வரவேற்புரை, ஆசியுரை, சிறப்புரை என்று நீட்டி, வியர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்த பின் களத்துக்கு அனுப்பியது. கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் அறியாத ஒருவரை, அவர் குரல் கம்பீரமானது என்ற காரணத்தால், பயிற்றுநராக்கியது. இத்தனைக்குப் பிறகும் அணி வென்றுகொண்டிருந்தது. நிர்வாகத்தால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். தன் உதவியின்றி நடக்கும் காரியத்தைத் திருத்தாமல் விட எந்த நிர்வாகத்துக்கு மனம் வரும்?

பேர்கன் நகரத் தமிழர்களோடு ஆண்டுதோறும் நடக்கும் கோடைச் சுற்றுப்போட்டி நெருங்கியபோது பொதுக்கூட்டம் கூட்டினார்கள். எங்கள் மக்களிடையே, தாயகத்தில் விட்டுவந்த ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஊர்ச் சங்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றுள் சில, 'அணியில் எங்கள் ஊரார் எவருமில்லை, ஒரே ஊரிலிருந்து இருவர் நிற்கிறார்கள்' என்று முறையிட்டிருந்தனவாம். தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இனிமேல் ஒரு ஊருக்கு ஒருத்தர். இது சமத்துவம். இதிலை ஒருத்தருக்கும் மனவருத்தம் இருக்கக்கூடாது."

பின் வரிசையிலிருந்து பீற்றர் அண்ணை கேட்டார். "தலைவர் அண்ணை, பந்து எந்த ஊர்?"

மண்டபம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "தம்பி, பகிடியை வெளியிலை வைச்சுக்கொள்ளும். நீங்கள் ரெண்டு பேரும் ஒரே ஊர். ஆர் நிக்கிறது எண்டதை நீங்களே கதைச்சுச் சொல்லுங்கோ. நாங்கள் தலையிடமாட்டம்."

தலையிடமாட்டோம் என்ற அச்சொல்லை நான் பல ஆண்டுகள் வியந்திருக்கிறேன். ஒருவனுடைய வலக்கையையும் இடக்கையையும் பார்த்து, உங்களில் யார் வேண்டும் என்று நீங்களே முடிவெடுங்கள், நாங்கள் நடுநிலை என்று சொல்வதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

அன்று மாலை பீற்றர் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா தேநீர் வைத்தாள். அத்தானும் அவரும் அரைமணி நேரம் வானிலையைப் பற்றிக் கதைத்தார்கள்.

"நீ நில்லடா" என்றார் அத்தான் கடைசியில்.

"விசரே உனக்கு? நீ தூக்கித் தராமல் நான் ஆரின்ரை பந்தை அடிக்கிறது?"

"நீ அடிக்காட்டி நான் ஆருக்குத் தூக்கிறது?"

இருவரும் சிரித்துவிட்டு, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்கள். பேசிக்கொள்ளவில்லை. அதுதான் அவர்களுடைய பழக்கம். களத்தில் அவர்கள் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. மறுநாள் அத்தான் செயலாளரை அழைத்து, பீற்றர் நிற்கட்டும், நான் விலகுகிறேன் என்றார். பீற்றர் அண்ணை ஏற்கெனவே அழைத்து, ரவி நிற்கட்டும் என்று சொல்லியிருந்தார். செயலாளர் இருவரிடமும் மற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரோ இருவருக்கும் நன்றி சொன்னார். ஓர் இடம் தேடிய நிர்வாகத்துக்கு இரண்டு இடங்கள் கிடைத்துவிட்டன. இன்னும் இரண்டு ஊர்களைத் திருப்திப்படுத்தலாம். அடுத்த அறிவித்தலில், 'இளைய தலைமுறைக்கு வழிவிட்ட மூத்த வீரர்கள்' என்று இருவரையும் பாராட்டியிருந்தார்கள். அத்தானுக்கு அப்போது முப்பத்தொரு வயது.

பேர்கனுக்குப் பேருந்தில் போனோம். மலை ஏறி இறங்கும் வழியெல்லாம் புதிய அணி தத்தம் ஊர்ப் பெருமையைப் பாடிக்கொண்டு வந்தது. போய் இறங்கியபோது, பேர்கனில் வழக்கம்போல மழை. ஆட்டத்தில், பந்து தூக்கிக் கொடுக்க நின்றவர் பொருளாளரின் மருமகன். உயரமான பொடியன், நல்ல குணம். அவர் தூக்கிய பந்துகள் அழகாக எழுந்து, எவரும் இல்லாத இடத்தில் அழகாக இறங்கின. இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே பந்துக்குப் பாய்ந்து மோதிக்கொண்டார்கள். மூன்றாம் ஊர்க்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தானும் பீற்றர் அண்ணையும் எங்கள் வரிசையிலேயே, நடுவில் ஓர் இருக்கையை வெறுமையாக விட்டு அமர்ந்திருந்தார்கள். அத்தானின் விரல்கள் முழங்காலின்மீது அசைந்தபடி இருந்தன. அக்கா தன் கையை அவற்றின்மேல் வைத்தாள்.

அப்பா இரண்டாம் சுற்றின் நடுவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"பிள்ளை," என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "அவைக்கு ஒண்டும் தெரியாது."

நான் அப்பாவை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. நாட்டையும் வீட்டையும் விட்டு வந்தவர், நிர்வாகங்கள் எல்லாவற்றையும் மன்னித்துப் பழகியவர், அந்த மூன்று சொற்களுக்காக வெட்கப்படுபவர்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோல்விக்கான காரணத்தை நிர்வாகம் ஆராய்ந்தது. பேர்கனின் ஈரக்காற்று என்று முடிவாயிற்று. மண்டபத்துக்குள் காற்று எப்படி வந்தது என்று எவரும் கேட்கவில்லை. விதி மாறவில்லை. மாற்றினால் இடம் பெற்ற ஊர்கள் கோபிக்கும்.

பீற்றர் அண்ணை அந்த இலையுதிர்காலத்தில் பேர்கனில் வேலை தேடிக்கொண்டு போனார். சம்பளம் கூட என்றார். எங்களுக்குத் தெரியும், அப்படியல்ல. அடுத்த கோடையில் சுற்றுப்போட்டி ஒஸ்லோவில் நடந்தபோது அவர் பேர்கன் உடையில் வலைக்கு அப்பால் நின்றார். முதற் பந்தை அவர் அடித்ததும் எங்கள் பகுதியில் ஒருவர் மட்டும் எழுந்து கைதட்டினார். இம்முறை அப்பாவின் கையைப் பிடித்து இறக்க எனக்கு மனம் வரவில்லை.

"என்ன ஐயா, மற்றப் பக்கத்துக்குத் தட்டுறியள்?" என்று பின்னாலிருந்து ஒரு நிர்வாக உறுப்பினர் கேட்டார்.

"நான் விளையாட்டுக்குத் தட்டுறன், தம்பி. உங்கடை பக்கத்திலை நடந்தால் அங்கையும் தட்டுவன்."

அத்தான் அதற்குப் பின் எந்த அணிக்கும் ஆடவில்லை. பேர்கனிலிருந்து பீற்றர் அண்ணை அழைக்கும்போதெல்லாம், அங்கே தூக்கிக் கொடுப்பவர் எப்படி என்று மட்டும் கேட்பார். "பரவாயில்லை, சொல்லிப்போட்டுத் தாறான்" என்பாராம் பீற்றர் அண்ணை. சொல்லிவிட்டுத் தருவது. அதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் எந்த இதழிலும் வாசித்ததில்லை.

அணி மேலும் சில ஆண்டுகள் ஊர்வாரியாகத் தோற்றது. பிறகு பயிற்சிக்கு ஆள் வரவில்லை. பிறகு மண்டபத்தின் ஞாயிற்றுக்கிழமை வேறொரு கழகத்துக்குப் போயிற்று. பிள்ளைகள் நோர்வேஜியக் கழகங்களில் சேர்ந்தார்கள், அங்கே அவர்களிடம் ஊர் கேட்பவர் எவருமில்லை. சங்கம் மட்டும் ஆண்டுதோறும் கூடித் தன் நிர்வாகசபையைத் தெரிவுசெய்து, அதற்கு விருந்தும் வைக்கிறது.

அழைப்பை அத்தானுக்குக் காட்டினேன். முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பித் தந்தார்.

"போவியளோ அத்தான்?"

"அண்டைக்கு எனக்கு வேலை இருக்கு, மச்சாள்." அவர் ஓய்வுபெற்று ஓராண்டாகிறது.

அப்பா இப்போது இல்லை. அந்தப் பழைய அணியின் ஆறு பேரில் இருவர் லண்டனிலும் ஒருவர் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். ஒருவர் சென்ற மாரியில் காலமானார். பீற்றர் அண்ணை பேர்கனில். ஒஸ்லோவில் எஞ்சியிருப்பவர் அத்தான் ஒருவர்தான்.