நீலத்தில் குசினி, மஞ்சளில் அறை

யசிந்தா பிரதேச சபை உறுப்பினரான செய்தியை அவளுக்கு முதலில் சொன்னவர் நண்டு வாடிக்காரர். அவள் நண்டு வாங்கும் கொட்டிலான அந்த வாடியின் பின்பக்கம் குந்தியிருந்து, நண்டுகளின் கால்களைக் கட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"யசிந்தா, உன்ரை பேர் வந்திட்டுது" என்று அவர் தொலைபேசியை நீட்டினார்.

என்ன பேர், எங்கே வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. தேர்தலுக்கு முன் கட்சிக்காரர் இருவர் வீட்டுக்கு வந்தது நினைவிருந்தது. பட்டியலில் பெண்கள் குறைகிறார்கள், ஒரு கையெழுத்துப் போதும், நீங்கள் வெல்லமாட்டீர்கள், பயப்பட வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது பெண்களுக்கான ஒதுக்கீட்டில் ஒருவரை எடுத்தே ஆகவேண்டி வந்ததாம். எடுத்தது அவளை. வீட்டில் கணவன் செபநாயகம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, "அப்ப நாளையிலை இருந்து வாடிக்குப் போறேல்லையோ?" என்று மட்டும் கேட்டான். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

அவர்களுடைய நாவலடித்துறை அரியாலைக்குக் கிழக்கே, கடல்நீரேரிக் கரையோரம் கிடக்கும் சின்னக் குடியிருப்பு. தெற்கே நீரேரி. வடக்கே புதிதாக உயர்த்தித் தார் போட்ட காப்பெற் வீதி, அதற்கு அப்பால் வயல். இடையில் உள்ள ஒடுக்கமான நிலத்தில்தான் எல்லா வீடுகளும். சண்டைக் காலத்தில் அங்கிருந்து எழும்பி ஓடியவர்கள், திரும்பி வந்து ஒவ்வொரு கல்லாகக் கட்டிய வீடுகள். யசிந்தாவின் வீடு ஓர் அறை, ஒரு விறாந்தை, பிறகு கட்டிய குசினி. குசினி நீரேரிப் பக்கம், அறை வயல் பக்கம்.

சபையின் தவிசாளர் கனகலிங்கம் வயல் செய்யும் கமக்காரர். காலநிலை மாற்றத்துக்குத் திட்டம் போடும் குழுவுக்கு அவர் யசிந்தாவின் பெயரைச் சொன்னார். "நீங்கள் கரையிலை இருக்கிறனீங்கள். நீங்கள் இல்லாமல் ஆர் இருக்கிறது?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் கூட்டத்தில், திட்டம் தயாரிக்க வந்திருந்த கீர்த்திகா சுவரில் ஒரு வரைபடத்தை ஒளியாக விழுத்தினாள். பண்டத்தரிப்பு ஊர்ப் பிள்ளை, படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. தகவமைப்பு, தாங்குதிறன், பாதிப்புறு வலயம் என்று அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் தலையாட்டினார்கள். யசிந்தாவும் ஆட்டினாள். படத்தில் நீலம் இன்னும் சில பத்தாண்டுகளில் கடல்நீர் ஏறக்கூடிய இடம். மஞ்சள் அதற்கு அடுத்த, கவனிக்க வேண்டிய இடம். அது மட்டும் அவளுக்குப் பிடிபட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அவள் சுவருக்குக் கிட்டப் போனாள்.

"பிள்ளை, இதிலை எங்கடை தேவாலயம் எது?"

கீர்த்திகா காட்டினாள். அதிலிருந்து ஒழுங்கையைப் பிடித்து, மதிலை எண்ணி, யசிந்தா தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு நிறமும் அவள் வீட்டின் மேல்தான் முட்டிக்கொண்டு நின்றன. குசினி நீலத்தில். அறை மஞ்சளில்.

"அப்ப நாங்கள் சமைக்கிற இடத்துக்குத் தண்ணி வரும், படுக்கிற இடத்துக்கு வராதோ?"

"அப்பிடி இல்லை அக்கா. இது ஒரு மதிப்பீடு."

"நீலத்திலை இருக்கிற ஆக்களை இடத்தை விட்டு எழுப்புவினமோ?"

"அதை நான் சொல்லேலாது. சபைதான் தீர்மானிக்கும்."

சபை என்றால் தானும்தான் என்பது பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

செய்தி அவளுக்கு முன்னமே ஊருக்குப் போயிருந்தது. கேற்றடியில் ஆட்கள் நின்றார்கள். "எங்களைத் திருப்பியும் கிளப்பப் போறாங்களாம், மெய்யே?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றாள். அடுத்த வீட்டுக்காரி அதையே வேறு மாதிரிக் கேட்டபோது, "ஒண்டும் சொல்லேலாது" என்றாள். இரண்டும் பொய்யல்ல என்றே நினைத்தாள். ஆனால் மாலைக்குள் இரண்டு பதிலும் ஊரில் ஒன்றையொன்று சந்தித்துவிட்டன. ஒருவர் அவசரமாக மதில் கட்டத் தொடங்கினார். இன்னொருவர் வீட்டுக்கு வெள்ளையடிப்பதை நிறுத்தினார்.

சுபாஸ்தான் நேராகக் கேட்டவன். அவனும் மனைவி லவீனாவும் கைக்குழந்தையுடன் தரப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு, அதே வளவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழும்பிவிட்டது. கூரை மட்டும் பாக்கி.

"யசிந்தாக்கா, கூரை மரத்துக்குச் சொல்லட்டோ? இடிக்கச் சொல்லுவினமெண்டால் வீணாய்ப் போடும்."

அவள் அந்தச் சுவரைப் பார்த்தாள். அது நீலமா மஞ்சளா என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். முடியவில்லை.

"கொஞ்சம் பொறு தம்பி. நான் கேட்டுச் சொல்லுறன்."

கேட்டாள். தவிசாளர், அது வெறும் ஆலோசனைதான், சட்டமில்லை என்றார். இன்னோர் அலுவலகத்தில், கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது இனி அந்தப் படத்தைப் பார்ப்போம் என்றார்கள். வேறோர் இடத்தில், நீரேரிக் கரை தங்களுக்குக் கீழே வராது, கடற்கரைதான் வரும் என்றார்கள். நீரேரியும் கடலும் ஒரே தண்ணீர்தானே என்று அவள் சொன்னபோது, அந்த உத்தியோகத்தர் சிரிக்காமல், "ஓம், ஆனால் கோவை வேறை" என்று மேசையில் இருந்த கோப்பைக் காட்டினார். சுபாசிடம் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் சேரவில்லை. அவனைக் காணாதபடி தேவாலயத்துக்குப் பின்வழியால் போய்வரத் தொடங்கினாள்.

அப்படியிருக்கையில் கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது.

ஊர் முழுக்க நீரேரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. செபநாயகம் வள்ளத்தை இழுத்து வந்து தென்னையில் கட்டினான். யசிந்தா குசினியில் இருந்த அரிசி, சீனி, மா எல்லாவற்றையும் தூக்கி அறைக்குள் கட்டிலின் கீழ் வைத்தாள். நீலம் இருப்பது குசினிப் பக்கம்தானே. ஆனால் வடக்கிலிருந்து அடித்த காற்று நீரேரித் தண்ணீரை அப்பால் தள்ளிக்கொண்டு போனது. வயலில் நிரம்பிய மழை வெள்ளம் உயர்த்திய வீதியில் முட்டி நின்று, வழியில்லாமல் ஏறி, கடைசியில் ஒரே வீச்சில் வீதிக்கு மேலால் பாய்ந்தது. வெள்ளம் முதுகுப்புறத்தால் வந்தது. அறைக்குள் முழங்கால் அளவு நின்றது. அரிசி ஊறியது, சீனி கரைந்தது. மூன்று படி உயரத்தில் இருந்த குசினி நனையவேயில்லை.

செபநாயகம் அடுப்படியில் கால் வைத்துப் பார்த்து, "இஞ்சை காய்ஞ்சு கிடக்கு" என்றான். எதை நினைத்து ஆறுதல்படுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

சுபாசின் கொட்டிலைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. வாங்கி வைத்திருந்த சீமெந்து பைகளுக்குள்ளேயே கல்லாகிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் இருந்த லவீனாவிடம் யசிந்தா தேத்தண்ணீர் கொண்டு போனாள். லவீனா வாங்கவில்லை.

"நீங்கள் பொறுக்கச் சொல்லாட்டி நாங்கள் கூரை போட்டு உள்ளை இருந்திருப்பம்."

"கொட்டிலெண்டபடியால்தான் முன்னமே இஞ்சை வந்தம். உள்ளை இருந்திருந்தால் இரவு பிள்ளையோடை மாட்டியிருப்பம்" என்றான் சுபாஸ், மனைவியைப் பார்க்காமல். "நிலம் பதிஞ்சதெல்லே. அந்த வீட்டுக்குள்ளை இப்பவும் இடுப்பளவு தண்ணி நிக்குது. அக்காவை ஏன் பேசுறாய்?"

யசிந்தா தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். லவீனாவின் பேச்சு உறைத்ததைவிட, சுபாசின் சொல் அதிகமாகக் குழப்பியது. கெடுதல் செய்தாளா, அந்தக் குழந்தையைக் காப்பாற்றினாளா? ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் தெரியாமல் நின்றாள், அவ்வளவுதான் என்று செபநாயகம் சொன்னான். ஆறுதலுக்குத்தான் சொன்னான்.

வெள்ளம் வடிந்த பிறகு கீர்த்திகா ஊருக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, சுவர்களில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தாள். மஞ்சள் பகுதி முழுக்க நனைந்திருந்தது. நீலத்தில் பாதி காய்ந்து கிடந்தது.

"என்ரை படம் பிழையில்லை அக்கா" என்றாள் கடைசியில், தேவாலயப் படியில் இருந்துகொண்டு. "கடல் உயர்ந்தால் அந்த நீலத்துக்குத்தான் வரும். ஆனால் மழை வெள்ளத்தை நான் இப்பிடிப் பாக்கேல்லை."

"உங்கடை வீடெண்டால் என்ன செய்வியள்?"

கீர்த்திகா காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினாள். "எங்கடை கிணறும் உவராய்ப் போச்சுது. அம்மாவும் இதைத்தான் கேக்கிறா. நான் இன்னும் பதில் சொல்லேல்லை."

தைப்பொங்கலுக்குப் பிறகு சபை கூடியது. அந்த ஆண்டு ஒரு வேலைக்குத்தான் காசு இருந்தது, முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, வெள்ளம் நீரேரிக்கு வடிய வீதிக்குக் கீழே மதகுகளும் ஒரு வாய்க்காலும். மற்றது, நீரேரிக் கரையில் மண் அணை. மதகுக்கு ஆதரவானவர்கள் கை தூக்குங்கள் என்றார் தவிசாளர். யசிந்தா தூக்கினாள். அணைக்கு என்றார். அவளுடைய கை மறுபடியும் மேலே போனது.

"யசிந்தா, ஒண்டுக்குத்தான் தூக்கலாம்."

அவள் எழுந்தாள். அந்தச் சபையில் அதுவரை அவள் பேசியதில்லை.

"சேர், ரெண்டு பக்கத்தாலையும் தண்ணி வருது. நான் எந்தப் பக்கத்தை விடுறது?"

கனகலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளத்தில் அவருடைய வயலும் அழிந்திருந்தது. "எனக்கும் தெரியேல்லை. ஆனால் ஒண்டைத்தான் எழுதலாம்" என்றார். அவள் "மதகு" என்று சொல்லி உட்கார்ந்தாள். அணை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப் போடப்பட்டது. நீலத்தில் இருப்பவர்களை எழுப்புவதில்லை என்றும், புதிதாகக் கட்டுபவர்கள் அத்திவாரத்தை உயர்த்த வேண்டும் என்றும் முடிவானது. எவ்வளவு உயர்த்துவது என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து சொல்வார் என்றார்கள். அவர் வரவில்லை.

மாசியில் சுபாஸ் பழைய சுவரை இடித்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்கினான். யசிந்தா இம்முறை பின்வழியால் போகவில்லை. வளவுக்குள் மேசன் கருங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். லவீனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். யசிந்தாவைக் கண்டு சிரிக்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

"அக்கா, எவ்வளவு உயரத்துக்கு விடுறது?" என்று மேசன் கேட்டார். "சபையிலை என்ன சொன்னவை?"

"சபையிலை ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் யசிந்தா. "எனக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி இனிச் சொல்லமாட்டன்."

"அப்ப நீங்களெண்டால் எவ்வளவு விடுவியள்?" என்றாள் லவீனா.

பங்கு மண்டபத்தில் பேசியதற்குப் பிறகு லவீனா அவளுடன் பேசிய முதல் வார்த்தை அது. யசிந்தா கையை இடுப்பளவில் வைத்துக் காட்டினாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு கையை இன்னும் கொஞ்சம் மேலே உயர்த்தினாள்.