பெயர் இல்லாத இரங்கற்பா

என் மாமா கவிதை எழுதுவதை நிறுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

அம்மாவின் தம்பியான அவர் கோவில்பட்டியில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். தீப்பெட்டி லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. ஆனால் அந்த வேலையை வைத்து அவரை யாரும் அடையாளம் சொன்னதில்லை. கவிஞர் என்றால் எங்கள் தெருவில் அவர்தான். எந்தக் கல்யாண வீட்டிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாமாவின் வாழ்த்துப்பா தொங்கும். யாராவது இறந்துபோனால் பதினாறாம் நாளுக்குள் இரங்கற்பா அச்சாகிவிடும். மணப்பெண்கள் எல்லோரும் அதில் நிலவாக இருந்தார்கள். இறந்தவர்கள் எல்லோரும் இமயமாகச் சாய்ந்தார்கள். அவற்றைச் சபையில் வாசிப்பது நான். நாலாம் வகுப்பு. எனக்கு ழகரம் சுத்தமாக வரும் என்று மாமா சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போவார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வருஷம் சித்திரையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி மருந்து பற்றிக்கொண்டு நான்கு பெண்பிள்ளைகள் இறந்துபோனார்கள். நால்வருக்கும் ஒரே ஊர். எங்களுக்குக் கிழக்கே ஏழெட்டு மைல் தள்ளி, பருத்தியும் சோளமும் போடுகிற கரிசல்காட்டு ஊர். விடியுமுன்னே வண்டி வந்து அங்குள்ள பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும். இறந்தவர்களில் மூத்தவளுக்கே பதின்மூன்று வயதுதான்.

ஊர்க்காரர்கள் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மாமா மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுதினார். ‘கருகிய நான்கு மொட்டுகள்’ என்பது தலைப்பு.

அந்த ஊர்ப் பால்வாடிக்கு முன்னால் நாற்காலியில் ஏறி நின்று வாசித்தேன். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்று மாமா சொல்லித் தந்திருந்தார். இறக்கினேன். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். நன்றாக வாசித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும் இறந்த பிள்ளைகளின் தாய்மார்களில் ஒருத்தி மாமாவிடம் வந்தாள். அச்சடித்த தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

“தம்பி, இதுல எம்புள்ள பேரு எங்கன இருக்கு?”

மாமா அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“முத்துமாரி. எங்கன இருக்குன்னு மட்டும் காட்டுங்க. தொட்டுப் பாத்துக்கிடுதேன்.”

மாமா தாளை வாங்கி நேராகத் திருப்பினார். அவருடைய விரல் மேலிருந்து கீழே இறங்கி, மறுபடியும் மேலே ஏறி, ஓரிடத்தில் நின்றது. “இங்கன இருக்குக்கா” என்றார். அவள் அந்த இடத்தை விரலால் தடவினாள்.

“அது முத்துமாரி இல்ல மாமா, மொட்டுன்னு போட்டிருக்கு” என்றேன். பிழை திருத்துகிறவருடைய மருமகள் அல்லவா நான்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “இல்லியா?” என்று கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

மாமா பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் அந்தப் பெயரைப் பெரிதாக எழுதினார். ஐந்தே எழுத்துகள். அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, “இத நானே எழுதிப் பழக எம்புட்டு நாளாகும் தம்பி?” என்றாள்.

திரும்பும் வழி முழுக்க மாமா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அடுத்த வாரம் கல்யாணப் பாட்டுக் கேட்டு வந்தவரிடம், “இப்போ எழுத வரமாட்டேங்குது அண்ணாச்சி” என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார். என் பிறந்தநாளுக்கு வருஷம் தவறாமல் எழுதும் நாலு வரியும் வரவில்லை. நான்தான் அவரைக் கெடுத்துவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். ஞாயிறுதோறும் அவர் என்னை விட்டுவிட்டுத் தனியாகச் சைக்கிள் எடுத்துப் போனார்.

ஐப்பசியில் ஒருநாள் அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன். மழை பெய்து, கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனோம். பால்வாடிக்குள் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அச்சில் பாழான லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் மாமா பெரிய பெரிய எழுத்துகளாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். பாடம் ‘அ’வில் தொடங்கவில்லை. அவரவர் கேட்ட பெயரில் தொடங்கியிருந்தது. ‘அ’ தெரியாமல் ‘மு’ தெரிந்தவர்களை நான் அங்கேதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த அம்மா சிலேட்டை மடியில் வைத்து, சுவரைப் பார்க்காமல், முத்துமாரி என்று எழுதினாள். ‘த்’துக்கு மேலே புள்ளியும் மறக்காமல் வைத்தாள். மாமாவிடம் காட்டினாள். அவர் தலையசைத்ததும் சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“அப்போ நான் வாரேன் தம்பி.”

“இருங்கக்கா. இன்னிக்கு உங்க பேரைப் படிப்போம்.”

“எம்பேரு எதுக்கு? நான்தான் இருக்கேனே.”

அவள் போய்விட்டாள். மாமா மற்றவர்களுக்குப் பாடத்தைக் கடைசிவரை நடத்தினார். அவர் குரலில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

திரும்பும்போது பருத்திக்காட்டு ஓரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குத்தவைத்து, ஒரு குச்சியால் சக்கரத்து மண்ணைச் சுரண்டத் தொடங்கினார். மண்ணெல்லாம் விழுந்த பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “விடுங்க மாமா, அடுத்த வாரம் வேற ஆளு படிக்க வருவாக” என்று ஆறுதல் சொன்னேன்.

“ஆமா தாயி, வருவாக” என்றார்.

வகுப்பில் ஓர் ஆள் குறைந்ததற்கா ஒரு பெரிய மனிதர் இப்படி அழுவார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.