ஜும்மா நேரத்து ஹாரன்

ஆம்பூரில் எங்கள் தோல் மண்டிக்கு எதிரே ஒரு லேடி டாக்டர் இருந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. பிரசவம் பார்க்க நாட்றம்பள்ளி வரைக்கும் தானே காரோட்டிப் போவார். கார் மகா பழசு. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் எஞ்சின் ஓடும். சுற்றுவது பெரும்பாலும் நான்தான். கிளம்பும்போது, சுற்றிவிட்டவருக்கு நன்றியாக ஒரே ஒரு ஹாரன் அடிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்மா தொழுகை நேரத்தில் அவருக்கு அழைப்பு வந்தது. தெருவில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. தானே சுற்றிப் பார்த்து மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். தொழுதுவிட்டு வந்து நான் சுற்றிவிட்டேன். அவர் அங்கே போவதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

மறுநாளே மெக்கானிக்கை வரவழைத்தார். உடைத்த மிலிட்டரி லாரியிலிருந்து எடுத்த ஸ்டார்ட்டர் மோட்டாரை மாட்டி, அழுத்தினாலே எஞ்சின் ஓட ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பொத்தான் வைக்கச் சொன்னார்.

"இந்த வண்டிக்கு இன்னாத்துக்கு டாக்டரம்மா பொத்தான்? நாங்க இல்லியா?" என்றேன்.

"இருக்கீங்க பாய். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க இருக்கீங்க?"



அடுத்த ஜும்மாவில் தொழுகை முடிகிற நேரம். தெருவில் அந்த எஞ்சின் உறுமியது. அதைச் சுற்றத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் பள்ளிவாசலுக்குள் இருந்தோம். பின்னாலேயே அந்த ஒற்றை ஹாரன். ஆளில்லாத தெருவில் யாருக்கு அடித்தாரோ!

தொழுகையில் சிரிக்கக் கூடாதுதான். தொழுகையை முடிக்கும் சலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினேன். பக்கத்திலிருந்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் திரும்பினேன். அங்கேயும் அதே கதைதான்.