திலாவா சாலையில் மூன்று முறை நின்ற வண்டி

நிற்கிற வண்டியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அப்படி என்ன இருக்கிறது? நின்றுபோன வண்டியில்தான் ஒரு கேள்வி இருக்கிறது. சாலையோரம் சாய்ந்து நிற்கும் பைக்கையும், பக்கத்தில் குந்தி அதை முறைத்துக்கொண்டிருக்கும் ஆளையும் பார்த்துவிட்டால் என் கால் தானாக பிரேக்கில் போய் உட்காரும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அரசு எல்லாக் கல்லூரிகளையும் மூடி வைத்திருந்தது. இயற்பியல் இரண்டாம் ஆண்டின் நடுவில் என்னை நிறுத்தி வைத்திருந்தார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ரங்கூன் பசுந்தாங்கில் இரண்டாம் மாடி வீட்டில் காலையில் எழுந்து, சாப்பிட்டு, ஜன்னல் வழியாகப் பேருந்துகளை எண்ணி, மறுபடியும் சாப்பிட்டுத் தூங்குவது என்னால் ஆகவில்லை. ரங்கூனுக்குள் பைக் ஓட்ட அப்போது தடை வரவில்லை. என்னிடம் ஒரு பழைய ஜப்பான் வண்டி இருந்தது, தொண்ணூறு சி.சி. எனக்கு நாலு வயது மூத்தது. அதன் பெரும்பாலான உறுப்புகள் வேறு வேறு வண்டிகளில் பிறந்தவை. அம்மா அதை "உன் பெண்டாட்டி" என்பார். ஆனால் அது என்னை வழியில் விட்டதே இல்லை. இதை நான் ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்வேன்.

நானும் என்னைப் போலக் கல்லூரி இல்லாமல் கிடந்த நாலு பேரும் லபெயே கடையில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை வைத்துக்கொண்டு, எந்த வண்டியை நம்பலாம் என்று சண்டை போடுவோம். எல்லையிலிருந்து சீன வண்டிகள் வந்து குவிந்துகொண்டிருந்த காலம். "பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும், மூணாவது மாசம் மாமியார் வீட்டுக்குப் போயிடும்" என்று ஒருவன் சொன்னதை நாங்கள் ஒரு வருடம் சொல்லிச் சிரித்தோம். பேசிப் பேசி எங்களுக்குள் ஒரு சட்டமும் வைத்துக்கொண்டோம். வழியில் நிற்கிறவனைத் தாண்டிப் போகக் கூடாது. நின்றுவிட்டால், அவனுடைய எஞ்சின் உயிர் பெறும்வரை விட்டுப் போகக் கூடாது. வண்டியைத் தனியே விட்டு ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு போவது கோழைத்தனம். எங்கள் ஐந்து பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத சட்டம் இது. ஆனால் அதை நாங்கள் மீறியதில்லை.

அன்று காலை நான் கியாக்தான் போய்க்கொண்டிருந்தேன். வேலை ஒன்றும் இல்லை. ஆற்றின் நடுவில் இருக்கும் பகோடாவைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவது, அவ்வளவுதான். தாகேதாவைக் கடந்து, தன்லின் பாலத்தில் ஆற்றுக்காற்றை வாங்கி, அக்கரையில் இறங்கி இரண்டு மைல் போயிருப்பேன். மழை இரவெல்லாம் பெய்து விட்டிருந்தது. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். வழியில் ஒரு சிவப்புச் சீன வண்டி, பளபளவென்று, இருக்கையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. பக்கத்தில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை தமிழில் நடந்தது.

"பஸ்ஸுல போறேன்னு சொன்னேனா இல்லியா?"

"புது வண்டி இருக்கப்போ பஸ்ஸு எதுக்கு மச்சான்? லாத்தாதான் கூட்டிட்டுப் போன்னு சொன்னா."

"உங்க லாத்தா இப்ப வந்து தள்ளுவாளா?"

நான் வண்டியை ஓரம் கட்டினேன். சண்டை போட்டவர்களில் மூத்தவருக்கு முப்பத்தைந்து இருக்கும். கைலிக்குப் பதில் மடிப்புக் கலையாத நீலக் காற்சட்டை, புது ஷூ, தோளில் ஒரு பெரிய பை. சட்டைக்குள் எதையோ பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்தார். அடிக்கடி நெஞ்சைத் தொட்டு அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இளையவர் அவருடைய மனைவியின் தம்பி; லாத்தா என்றது அந்த அக்காவைத்தான். சிவப்பு வண்டி அவருடையது, வாங்கிப் பத்து நாள் ஆகிறது.

"என்ன ஆச்சு அண்ணே?" என்றேன். அன்று நான் கேட்ட முதல் கேள்வி அது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

"ஓடிக்கிட்டே இருந்துச்சு தம்பி. அப்படியே மூச்சு வாங்கி நின்னுருச்சு" என்றார் வண்டிக்காரர்.

நான் இருக்கைக்கு அடியிலிருந்து என் தகரப் பெட்டியை எடுத்தேன். பிளக் ஸ்பேனர், உப்புத்தாள், மெல்லிய செம்புக் கம்பி, பழைய பல் துலக்கி. முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன். அது என் வழக்கம். சின்னதாக உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன், முக்கால் டேங்க் இருந்தது. மூடியை மூடிவிட்டு பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, தேய்த்து, ஊதி மாட்டினேன். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பிளக்தான்" என்றேன். "சீன பிளக். மாத்திருங்க."

மூத்தவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. அப்போதுதான் அவர் தன் கதையைச் சொன்னார். திலாவா துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. அதில் சமையல்கட்டில் உதவியாளாக அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெயரைப் பதிந்துவிட்டு மூன்று வருடம் காத்திருந்த இடம். பதினோரு மணிக்குத் துறைமுக வாசலில் நிற்க வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அடுத்தவன் நேற்றே வந்து அங்கே வாசலில் படுத்திருக்கிறானாம்.

"மணி ஒன்பதே கால்தான்" என்றேன். "அரை மணிக்கு மேல எடுக்காது. நான் பின்னாடியே வர்றேன்."

மூன்று மைல் போனோம். சிவப்பு வண்டி இருமியது, திணறியது, நின்றது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. பிளக் இல்லையென்றால் வேறு ஏதோ. கேள்வி பெரிதாகிறது. இறங்கி, மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தேன். உஸ். இருக்கிறது. "கார்புரேட்டர்ல அழுக்கு" என்று அறிவித்தேன். ரோட்டோரத்தில் புட்டியில் விற்கும் பெட்ரோலில் என்ன கலக்கிறார்கள் என்று ஒரு சிறு சொற்பொழிவும் செய்தேன். கார்புரேட்டரைக் கழற்றி, என் கைலியின் முனையை விரித்து அதன் மேல் உறுப்புகளை வரிசையாக வைத்தேன். செம்புக் கம்பியை நுழைத்து நுழைத்து எடுத்தேன். அழுக்கு என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் துடைத்து மாட்டினேன்.

மூத்தவர் என் தலைக்கு மேல் நின்றார். "தம்பி, உங்க வண்டியில என்னை மட்டும் கொண்டு விட்டுட முடியுமா?"

"அஞ்சு நிமிஷம் அண்ணே."

"நம்பர் இல்லாத வண்டி மச்சான்" என்றார் வண்டிக்காரர். "யாராச்சும் வந்து கேட்டா நான் தனியா என்ன சொல்றது? ரிப்பேர் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

"உனக்கு வாங்க மட்டும் தெரியும்."

அந்த ஐந்து நிமிஷம் அரை மணி ஆனது. ஆனால் வண்டி கிளம்பியது. முதல் உதையிலேயே. நான் மச்சான்கள் இருவரையும் பார்த்த பார்வையில் ஒரு பட்டமளிப்பு விழாவே இருந்திருக்கும்.

அடுத்த இரண்டரை மைலில் அது மறுபடி நின்றது.

இப்போது மணி பத்தே கால். வயலில் ஒரு பெண் நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். மூத்தவர் பையைத் தோளிலிருந்து இறக்காமல் சாலையின் போக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷூவில் சேறு ஏறியிருந்தது. அவர் கைக்குட்டையால் அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சேற்றில் கால் வைத்தார்.

காலால் தள்ளிப் பார்த்தோம். பின்னால் வருகிறவன் முன்னால் இருக்கும் வண்டியின் கால்மிதியில் ஒரு காலை வைத்து உதைத்துக்கொண்டே போவது எங்கள் கூட்டத்துக்குக் கைவந்த கலை. ஆனால் ஆள் இரண்டு, பை ஒன்று, பள்ளம் ஆயிரம். முதல் பள்ளத்திலேயே இரண்டு வண்டியும் கோணிக்கொண்டு ஓடையைப் பார்த்தன.

"போதும்" என்றார் மூத்தவர். "தம்பி, என்னை ஏத்துங்க."

சட்டம் ஞாபகம் வந்தது. அதைவிட, தோற்றுப்போவது ஞாபகம் வந்தது. இரண்டு முறை சரி செய்த வண்டியை மூன்றாவது முறை விட்டுப் போனால் முதல் இரண்டு முறையும் நான் செய்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும். "ஏர் ஃபில்டரா இருக்கும் அண்ணே. அஞ்சே நிமிஷம்."

அவர் மறுக்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது. தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்பினார். என் பெட்டியையும் என் வாயையும் பார்த்து நம்பினார். நான் பக்கத்து மூடியைத் திறந்து, ஃபில்டரை எடுத்துத் தட்டினேன். திருகு ஒன்று புல்லுக்குள் விழுந்தது. மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினோம். நீலக் காற்சட்டையோடு அவரும் மண்டியிட்டார். திருகு கிடைத்தபோது மணி பத்து ஐம்பத்தாறு.

"மச்சான், நீங்க போங்க" என்றார் வண்டிக்காரர்.  "என் வண்டி நாசமாப் போனாலும் பரவாயில்ல. போங்க."

என் வண்டி வழக்கம்போல ஓடியது. பள்ளம், எருமைக் கூட்டம், மூங்கில் ஏற்றிய மாட்டுவண்டி, எல்லாவற்றிலும் வளைத்து விட்டேன். முதுகில் அவருடைய பை இடித்துக்கொண்டே வந்தது. "மணி என்ன அண்ணே?" என்று இரண்டு முறை கத்தினேன். 

துறைமுக வாசலில் காவலாளி பலகையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். மூத்தவர் சட்டைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து, பிளாஸ்டிக் தாளைப் பிரித்து, கப்பல் வேலைக்கான அனுமதிப் புத்தகத்தை நீட்டினார். காவலாளி அதைத் தொடவில்லை.

"துவா ப்யீ, அக்கோ" என்றான் பர்மியில். போய்விட்டார்கள். கப்பல் ஏஜென்டின் ஆள் பதினொன்று வரை நின்று பார்த்தானாம். பிறகு வாசலில் படுத்திருந்தவனை எழுப்பி உள்ளே கூட்டிப் போய்விட்டான். மணி பதினொன்று ஐந்து.

மூத்தவர் புத்தகத்தை மறுபடி அதே மடிப்பில் சுற்றினார். காவலாளியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வேலிக்கு அப்பால் கப்பலின் மேல் பாதி தெரிந்தது. அதில் யாரோ ஒருவர் வாளியைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போது பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

சிவப்பு வண்டி. அதன் மேல் வண்டிக்காரர், முகமெல்லாம் பல்.

"ஓடிருச்சு மச்சான். சும்மா பெட்ரோல் இருக்கான்னு மூடியத் தொறந்து பாத்தேன், ஒரு உதை விட்டேன், ஓடிருச்சு." பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார். பல் மறைந்தது.

மூடியைத் திறந்து பார்த்தேன், ஒரு உதை விட்டேன்.

நான் அவர் வண்டியிடம் போய் மூடியைக் கழற்றினேன். உஸ்ஸென்றது. தலைகீழாகத் திருப்பினேன். டேங்குக்குள் காற்றுப் போக ஒவ்வொரு மூடியிலும் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். இந்த மூடியில் அந்த ஓட்டையின் மேல் வெள்ளையாக, அழகாக வழித்து, மெழுகு வைத்திருந்தது.

"இது என்ன?"

"அதா? பெட்ரோல் ஆவியாப் போயிடக் கூடாதுன்னு" என்றார் வண்டிக்காரர். "ரேஷன்ல எவ்வளவு குடுக்கறான்? அதுல பாதி காத்துல போனா? நான்தான் அடைச்சேன்."

பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று நுழைய வழியில்லை. கொஞ்ச தூரம் ஓடியதும் பெட்ரோல் கீழே வர மறுக்கும், வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று நுழையும், வண்டி கிளம்பும். பள்ளிக்கூடப் பாடம் இது. ஒரு முறை நின்றதும் நான் மூடியைத் திறந்தேன், சரியானது. இன்னொரு முறை திறந்தேன், சரியானது. பிளக்கும் கார்புரேட்டரும் நான் எனக்காகச் செய்தவை. மூன்றாவது முறை மட்டும் பெட்ரோல் இருப்பது தெரியும் என்று நான் மூடியைத் தொடவில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் புரிந்திருக்காது. மூத்தவர் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி?"

"ஓட்டையை அடைச்சதாலதான் நின்னிருக்கு அண்ணே. மூடியத் தொறந்து மூடினாலே ஓடியிருக்கும். நான் மொதல் தடவையே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கவனிக்கல. மத்தது எல்லாம் வீண். நீங்க கேட்டப்பவே உங்களை ஏத்திட்டு வந்திருக்கணும்."

வண்டிக்காரர் தலையில் கை வைத்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். மூத்தவர் மூடியை என் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்தார். நகத்தால் மெழுகைச் சுரண்டினார்.

"வீட்டுல கரண்ட் போனா ஏத்தறதுக்கு உங்க லாத்தா வாங்கி வச்ச மெழுகுவத்தி" என்றார். "ஒரு துண்டு குறையுதேன்னு நேத்து தேடிக்கிட்டிருந்தா."

வண்டிக்காரர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். மூத்தவர் அவர் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். அடியா தடவலா என்று எனக்குத் தெரியவில்லை. "எந்திரி. வண்டிய எடு."

என் பெட்டியில் இருந்த செம்புக் கம்பியால் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தேன். அன்று நான் செய்த ஒரே ரிப்பேர் அது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மூத்தவர் சிவப்பு வண்டியில் ஏறவில்லை. என் பின்னால் வந்து உட்கார்ந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்த வாசலையும் அந்தக் கப்பலையும் விட்டு எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போய்விட வேண்டும் போலிருந்தது. கிளம்பியதுமே முறுக்கினேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"மெதுவாப் போ தம்பி. இனிமே என்ன அவசரம்?"

மெதுவாகப் போனேன். காலையில் கழற்றிப் போட்ட இடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மண்டியிட்ட தடம், எண்ணெய்க் கறை, என் கைலியை விரித்த புல். பின்னால் சிவப்பு வண்டியின் சத்தம் சீராக, ஒரு தடங்கலும் இல்லாமல் கேட்டுக்கொண்டே வந்தது. எங்காவது ஒரு முறை அது திணறிவிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். தன்லின் பாலம் ஏறி இறங்கி, தாகேதா வரும்வரை, அது நிற்கவே இல்லை.